ஒரு மனை, நாலு வாசல்

பக்கத்து வீட்டு லாயிட் டன்பாரின் வண்டியில் ஏறும்போதே வெர்னா மெல்னிக்குக்குக் கழுத்து அரித்தது. சுற்றியிருந்த சிவப்புக் கம்பளிச் சால்வைதான் காரணம். தெருக் கமிட்டி வீட்டுக்கு வீடு கொடுத்த சால்வை. அதைப் போட்டிருந்தால் ‘எங்கள் தெருவில் அடுக்கு வீடு வேண்டாம்’ என்று அர்த்தம். அதைப் போட்டுக்கொண்டு நகர மன்றத்தில் ஏறி, ‘அடுக்கு வீடு வேண்டும்’ என்று அவள் பேசப்போகிறாள். வண்டியில் இருந்த மற்ற இரண்டு பேருக்கும் அது தெரியாது.

“காலை நல்லா நீட்டிக்கோ வெர்னா. முட்டி பிடிச்சுக்கப் போகுது,” என்றார் லாயிட், கண்ணாடியில் பின்னால் பார்த்தபடி.

“இன்னைக்கு அவதான் நம்ம துருப்புச் சீட்டு. குலுங்காம கொண்டுபோய்ச் சேருங்க,” என்றாள் முன் இருக்கையில் இருந்த மாக்சீன். கமிட்டிக்குச் செயலாளர் அவள். சால்வை அவள் யோசனை. தெரு முழுக்கப் புல்தரைகளில் நட்டிருக்கும் எதிர்ப்புப் பலகைகளும் அவள் யோசனை. “புருஷனை இழந்தவ, முட்டி போனவ, நாப்பது வருஷம் ஒரே வீட்டுல இருந்தவ. இவ வாயைத் திறந்தா கவுன்சிலருங்க மூக்கைச் சிந்திக்கிட்டே எதிர்த்து ஓட்டுப் போடுவாங்க.”

“என்னை ஏலத்துல விடற மாதிரி இருக்கு,” என்றாள் வெர்னா.

மாக்சீன் சிரித்தாள். வெர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். அந்தப் பேட்டை உருவான காலத்தில் போட்ட சட்டம், ஒரு மனைக்கு ஒரு வீடு, ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம் என்றது. இப்போது மன்றம் அதை மாற்றப் பார்க்கிறது. ஒரே மனையில் நாலு குடும்பம் வரை குடியிருக்க வீடு கட்டலாம் என்பது புதுச் சட்டம். வருகிற வழியில் போகிற வழியில் எல்லாம் இதே பேச்சு. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஹாக்கியைத் தவிர வேறு எதற்காகவும் மனிதர்கள் இவ்வளவு சத்தம் போட்டு வெர்னா பார்த்ததில்லை.

அவளுக்கு அந்தச் சட்டம் வந்தாக வேண்டும். கோடையிலேயே கைகுலுக்கியாகிவிட்டது. ஹர்ஜித் கில் என்ற சின்ன அளவில் வீடு கட்டும் ஆள், அவள் சமையலறை மேசையில் உட்கார்ந்து, அவள் வேகவைத்துப் போட்ட பைரோகியை, உருளைக்கிழங்கு அடைத்த உக்ரைன் கொழுக்கட்டையை, தின்றுகொண்டே பேரம் பேசினான். நிலம் அவளுடையது, கட்டுவது அவன் செலவு. நாலில் இரண்டு வீடு அவளுக்கு, இரண்டை அவன் விற்றுக்கொள்வான். கீழ்வீட்டில் படியில்லாமல் அவள். மேலே மகள் டாரா, மருமகன், இரண்டு வயதுப் பேத்தி.

“ஆன்ட்டி, இந்தக் கணக்குக்கு நான் ஒத்துக்கிட்டேன்னு தெரிஞ்சா, என் பொண்டாட்டி என்னை வீட்டுக்குள்ள சேர்க்கமாட்டா,” என்று அழாத குறையாகச் சொன்னான் ஹர்ஜித்.

“அப்ப விக்கற ரெண்டுல ஒண்ணை நீங்களே வச்சுக்குங்க. படுக்க இடமாவது ஆச்சு.”

வெர்னாவின் அப்பா வெக்ரெவில் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் கடை வைத்திருந்தவர். ஆணியிலிருந்து டிராக்டர் டயர் வரை விற்கும் கடை. குடியானவர்களோடு அவர் பேரம் பேசும் சத்தத்தில்தான் அவள் நடை பழகினாள். ஹர்ஜித் அழுவது எந்த இடத்தில் நாடகம், எந்த இடத்தில் நிஜம் என்பதெல்லாம் அவளுக்குப் பைரோகி வேகும் பதம் மாதிரி கைப்பழக்கம்.

சட்டம் விழுந்தால் கைகுலுக்கலும் விழும். டாராவின் புருஷனுக்கு நாட்டின் கிழக்குக் கடற்கரையில், நோவா ஸ்கோஷியாவில், அவன் அப்பாவின் படகுப் பட்டறையில் வேலை காத்திருக்கிறது. இங்கே வாடகை ஏறுகிற ஏற்றத்தில் அவர்களால் இன்னொரு வருஷம் தாக்குப்பிடிக்க முடியாது. “வீடு உண்டா இல்லையான்னு மட்டும் சொல்லிடும்மா. இல்லேன்னா ஜனவரியில கிளம்பறோம்,” என்று டாரா சொல்லிவிட்டாள். அவர்கள் போய்விட்டால் வெர்னாவுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் முதியோர் விடுதி. அதன் நடையெல்லாம் முட்டைகோஸ் வேகும் வாசனை. முட்டைகோஸ் அவளுக்குப் பிடிக்கும், நடையில் அல்ல.

இவ்வளவையும் லாயிடிடம் ஏன் முன்பே சொல்லவில்லை? அதற்குக் காரணம் பனி.

அவள் புருஷன் ஒரெஸ்ட் செத்த ஆண்டு முதல் பனி விழுந்த காலையில், பக்கத்து வீட்டு லாயிட் தன் வாசல் நடைபாதையில் இயந்திரத்தால் பனியைத் தள்ளிக்கொண்டே வந்தார். மனை எல்லையில் நிற்கவில்லை. அப்படியே அவள் வாசலையும் தள்ளி முடித்துவிட்டுத் திரும்பினார். நன்றி சொல்லப் போனவளைக் கையை ஆட்டித் தடுத்துவிட்டார். அது முதல் ஆறு குளிர்காலம். போக ஒரு முறை, வர ஒரு முறை, நல்ல அகலமாக இரண்டு வீச்சு. அந்த ஊரில் இப்படித்தான். இதைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள். யாரும் மறக்கவும் மாட்டார்கள்.

செப்டம்பரில் லாயிட் எதிர்ப்புப் பலகையோடு வந்து, “உன் புல்தரையில ஒண்ணு நட்டுடறேன். கூட்டத்துல நீயும் எங்களுக்காக நாலு வார்த்தை பேசறியா?” என்று கேட்டபோது, ஆறு குளிர்காலத்துப் பனியும் இருவருக்கும் நடுவில் வந்து குவிந்தது. “பார்க்கலாம் லாயிட்,” என்றாள்.

அவள் அப்பா கடையில் ‘பார்க்கலாம்’ என்றால் நடக்காது, நடையைக் கட்டு என்று அர்த்தம். மின்கம்பம் ஏறும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற லாயிட் எந்தக் கடைக்காரர் வீட்டிலும் வளரவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சுத்தியலால் பலகையை அடித்து இறக்கினார். மாக்சீன் அவள் பெயரைப் பேச்சாளர் பட்டியலில், எதிர்ப்பு என்ற கட்டத்தில் பதிந்துவிட்டாள். அதன் பிறகு சொல்ல ஒவ்வொரு நாளும் ஒரு சந்தர்ப்பம் வந்தது. ஒவ்வொரு நாளும் அவள் அதை நாளைக்குத் தள்ளினாள்.

மன்றத்தில் கூட்டம் பிதுங்கியது. ஐந்து ஐந்து பேராக மேசைக்கு அழைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிஷம். மேசை மேல் பச்சை விளக்கு, மஞ்சள், பிறகு சிவப்பு. மற்றவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து முறை வரும் வரை காத்துக் கிடக்க வேண்டும். சிவப்புச் சால்வைகள் ஒரு பக்கம். குழந்தை வண்டியும் முதுகுப் பையுமாக இளசுகள் இன்னொரு பக்கம்.

“எனக்கு அடுக்கு வீட்டுக்காரங்க மேல எந்த வெறுப்பும் கிடையாது,” என்று ஒருத்தி பேசிக்கொண்டிருந்தாள். “என் சொந்தத் தங்கச்சியே அடுக்கு வீட்டுலதான் இருக்கா, பாவம்.”

அடுத்தவர் வண்டி நிறுத்த இடம் போய்விடும் என்றார். அதற்கு அடுத்தவர் நீலப் பறவைகள் போய்விடும் என்றார். இளசு ஒருவன் எழுந்து, தான் இந்த நகரத்திலேயே பிறந்து, இந்த நகரத்தின் பிள்ளைகளுக்கே பாடம் நடத்தி, இந்த நகரத்தில் ஒரு வீடு வாங்க முடியாமல் நாற்பது மைல் தள்ளிக் குடியிருப்பதைச் சொன்னான். பின்வரிசையில் யாரோ, “அந்தப் பக்கம் காத்து நல்லா இருக்குமே,” என்று முனகினார்கள். தலைமை வகித்த அம்மாள் மேசையைத் தட்டினாள்.

வெர்னாவின் கைப்பேசி மடியில் அதிர்ந்தது. டாரா. ‘பேசிட்டியா?’

‘இன்னும் இல்ல.’

‘லாயிட்கிட்ட சொல்லிட்டியா?’

வெர்னா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

மாக்சீன் அவள் கையில் ஒரு தாளைத் திணித்தாள். “நீ எதுவும் யோசிக்க வேண்டாம். நானே டைப் அடிச்சுக் கொண்டுவந்துட்டேன். அப்படியே வாசி. ரெண்டாவது பத்தியில கொஞ்சம் நிறுத்து, தண்ணி குடி.”

இரண்டாவது பத்தியில், என் கணவர் தம் கையால் நட்ட லைலாக் செடி இந்தச் சட்டத்தால் வேரோடு சாயும் என்றிருந்தது.

“ஒரெஸ்ட்டுக்கு லைலாக்கைக் கண்டாலே ஆகாது. தும்மியே செத்துடுவார். அதை நட்டது முந்தி இருந்தவங்க.”

“அது கவுன்சிலருக்குத் தெரியுமா?”

பொறுக்க முடியாமல் வெர்னா எழுந்து வெளியே போனாள். காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் லாயிட் தனியாக நின்றிருந்தார். கையில் இருந்த தாளை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். உயரத்தில், மின்சாரக் கம்பிக்கு நடுவில் நிற்கப் பயப்படாத மனுஷனுக்கு ஒலிவாங்கி பயம். இதைவிட நல்ல சமயம் வராது. கெட்ட சமயமும் இதைவிட வராது.

“லாயிட், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“உனக்கும் உதறுதா? எனக்கு நாக்கே ஒட்டிக்கிச்சு.” அவர் அவள் பக்கம் குனிந்தார். “ஐரிஸைப் பார்த்துக்க ஆளை வச்சுட்டு வந்திருக்கேன். கிளம்பும்போது, ‘வெர்னா கூடப் போறாளா?’ன்னு கேட்டா. ஆமான்னேன். ‘அப்பச் சரி’ன்னா. அவ முழுசா ஒரு வாக்கியம் பேசி எத்தனை நாளாச்சு தெரியுமா?”

ஐரிஸ் அவர் மனைவி. பக்கவாதம் வந்ததிலிருந்து தெற்கு ஜன்னலோரம் நாற்காலியில் இருக்கிறாள். அந்த ஜன்னல் வெர்னாவின் சமையலறைக்கு நேர் எதிர். காலையில் வெர்னா காப்பிக் கோப்பையைத் தூக்கிக் காட்டுவாள். ஐரிஸ் நல்ல கையைத் தூக்குவாள். இரண்டு பேரும் காலை வணக்கம் சொல்வது அப்படித்தான்.

“லாயிட், அது வந்து...”

உள்ளேயிருந்து பெயர்களைக் கூப்பிட்டார்கள். டன்பார், லாயிட். இரண்டு பேர் தள்ளி, மெல்னிக், வெர்னா.

லாயிட்தான் முதலில் பேசினார். தாளைப் பார்க்கவில்லை. பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு பேசினார்.

“என் சம்சாரம் ஒரு ஜன்னல்கிட்ட உட்கார்ந்திருக்கா. குளிர்காலத்துல இங்க சூரியன் எவ்வளவு தாழ வருதுன்னு உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக் கூரை மேல ஒரு சாண் உயரத்துல ஊர்ந்து போகும். அந்த வெயில் அவ மடியில விழும். பூனை மாதிரி. அவளுக்கு இப்ப இருக்கறது அது ஒண்ணுதான். பக்கத்துல மூணு மாடி எழும்பினா, நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் அந்த ஜன்னல்ல ராத்திரிதான். நான் அரசியல் பேசலை. சட்டம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது அந்த ஜன்னல்.” கொஞ்சம் நிறுத்தினார். “பக்கத்து வீடு வெர்னாவோடது. அவ இருக்கற வரைக்கும் கவலையில்ல. அவளுக்கு அப்புறம்தான் பயம்.”

ஹர்ஜித்தோடு பேரம் பேசும்போது கதவின் அகலம், குளியலறைக் கைப்பிடி, குப்பைத் தொட்டி வைக்கும் மூலை என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி வாங்கியவள் வெர்னா. ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நினைவு வராமல் இல்லை. வந்தது. கேட்டால் ஹர்ஜித் வேறு எதையாவது திருப்பிக் கேட்பான் என்று வாயை மூடிக்கொண்டாள்.

இடையில் பேசிய இருவர் என்ன சொன்னார்கள் என்று அவளுக்குத் தெரியாது. பச்சை விளக்கு அவளுக்காக எரிந்தது.

மாக்சீனின் தாளை மடித்து மேசையில் வைத்தாள். சால்வையைக் கழற்றி அதன் மேல் வைத்தாள்.

“என் பேர் வெர்னா மெல்னிக். நான் இந்தச் சட்டத்துக்கு ஆதரவாப் பேச வந்திருக்கேன்.”

பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. தலைமை அம்மாள் பட்டியலைப் பார்த்தாள். “நீங்க எதிர்ப்புப் பட்டியல்ல இருக்கீங்களே?”

“தெரியும் மேடம். எனக்குக் கிடைச்ச வண்டி அந்தப் பக்கமா வந்துச்சு.”

இளசுகள் பக்கம் சிரித்தார்கள். லாயிட் சிரிக்கவில்லை. அவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நாற்காலிக்கு அப்பால் உட்கார்ந்து, மேசை மேல் விரித்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“லாயிட் பயப்படறாரே, அந்த மூணு மாடி வீடு, அது என்னோடதுதான். எனக்கு அப்புறம் இல்ல. நான் இருக்கும்போதே. கட்ட ஆள்கூடப் பேசிட்டேன். கீழ நான், மேல என் மக. இல்லேன்னா அவ கண்டத்தோட அந்தக் கோடிக்குப் போறா, நான் ஆத்துக்கு அந்தப் பக்கம் போறேன். இதை அவர்கிட்ட நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லலை. அவர் என் வாசல்ல ஆறு வருஷமா பனி தள்ளறார். அந்த மனுஷன்கிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. இப்ப உங்க எல்லார் முன்னாடியும் சொல்றேன். அது இன்னும் மோசம்தான்.”

மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒரு கவுன்சிலர், கண்ணாடி போட்ட இளைஞர், கையைத் தூக்கினார். “அவர் வெயிலைப் பத்திச் சொன்னாரே. அதுக்கு உங்க பதில்?”

“அவர் சொன்னதுல ஒரு வார்த்தை மிகை கிடையாது.”

“அப்போ?”

“நான் வித்துட்டுப் போயிட்டா, வாங்கறவன் அதே இடத்துல ஒரே ஒரு குடும்பத்துக்கு அதே உயரத்துக்கு மாளிகை கட்டலாம். இப்ப இருக்கற சட்டமே அதுக்கு இடம் குடுக்குது. எங்க தெருக்கோடியில ஒண்ணு நிக்குது, நாலு குளியலறை, ரெண்டு பேர். அந்த நிழலும் அதே ஜன்னல்லதான் விழும். அவன்கிட்ட போய் லாயிட் என்ன பேசுவார்? அவன் ஐரிஸுக்குக் கையாட்டுவானா?” மாக்சீன் சொன்ன இடத்தில் இல்லாமல் வேறு இடத்தில் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. “ஜன்னலுக்கு எங்கிட்ட இன்னும் பதில் இல்ல. என்னை அங்க இருக்க விட்டா தேடுவேன். அவ்வளவுதான்.”

சிவப்பு விளக்கு எரிந்தது.

வெளியே வந்தபோது மாக்சீன் அவள் கையிலிருந்த சால்வையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். “புருஷன் செத்தப்ப உனக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன்டி நான்.”

“ஞாபகம் இருக்கு மாக்சீன். கோழி வறுவல்.”

“வான்கோழி!” என்று கத்திவிட்டு, மைனஸ் பதினெட்டு டிகிரிக் குளிரில், பஸ்ஸில் போவதாகச் சொல்லி நடந்தாள். விரோதியோடு ஒரே வண்டியில் ஏறமாட்டாளாம்.

வெர்னாவுக்கும் பஸ் உண்டு. ஆனால் லாயிட் வண்டிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். அவள் ஏறினாள்.

“பெல்ட் போட்டுக்குங்க, மிஸஸ் மெல்னிக்.”

அவ்வளவுதான். ஒரெஸ்ட்டின் கூட்டாளியாக வீட்டுக்குள் நுழைந்து, குளிர்பெட்டியைக் கேட்காமலே திறந்து பியர் எடுத்த மனுஷன். அவர் வாயிலிருந்து வந்த அந்த ‘மிஸஸ்’ திட்டைவிடப் பெரிய திட்டாக வண்டிக்குள் உட்கார்ந்திருந்தது. இறங்கும்போது வாசல் பாதையில் கண்ணாடி மாதிரி உறைபனி. லாயிட் அவள் முழங்கையைப் பிடித்துக் கதவு வரை கொண்டுவந்து விட்டார். பிடியை எடுத்தார். திரும்பிப் போனார். அந்த ஊரில் யாரோடு வேண்டுமானாலும் சண்டை போடலாம். ஆனால் யாரையும் உறைபனியில் விழவிடக்கூடாது.

விடியும்போது ஒரு முழம் பனி விழுந்திருந்தது. அன்று காலைதான் மன்றத்தில் ஓட்டெடுப்பு. வெர்னா வானொலியைப் போட்டு, அணைத்து, மறுபடி போட்டாள். அதில் ஹாக்கி பேசினார்கள். பிறகு லாயிடின் இயந்திரம் உறுமும் சத்தம் கேட்டது.

திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றாள். இயந்திரம் அவர் நடைபாதையில் பனியை வாரி வீசிக்கொண்டு வந்தது. எல்லையில், கத்தியால் வெட்டின மாதிரி, நின்றது. லாயிட் ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு விசையை அணைத்தார். இயந்திரத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

ஆக, இவ்வளவுதான். அவர் பக்கம் கல் தெரியும் சுத்தமான பாதை. அவள் பக்கம் முழங்கால் அளவு வெள்ளை. தெருவில் போகிற நாய்க்குக்கூடப் புரியும்.

நடைபாதையைச் சுத்தம் செய்யாவிட்டால் நகராட்சி அபராதம் போடும். வெர்னா காலணியை மாட்டி, கொட்டகையிலிருந்து ஒரெஸ்ட்டின் மண்வாரியைத் தேடி எடுத்து வெளியே வந்தாள். முதல் வாருக்கே முட்டி சுரீரென்றது. இரண்டாவது வாரில் நடுப் புல்தரையில் நின்ற பலகை கண்ணில் பட்டது. பாதி பனியில் புதைந்து, ‘எங்கள் தெருவைக் காப்பாற்றுங்கள்’ என்று அவள் சார்பில் கேட்டுக்கொண்டிருந்தது. ஆத்திரத்தோடு போய்ப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. செப்டம்பரில் ஈர மண்ணில் அடித்த கால்கள். மண் இரும்பாக இறுகிக் கிடந்தது. வசந்தம் வரை அது அங்கேயே நிற்கும். தன்னை எதிர்க்கும் பலகைக்குத் தானே இடம் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

“இழுத்தா வராது.”

லாயிட் எல்லையில் நின்றிருந்தார். கையில் ஆவி பறக்கும் கெண்டி. பனியில் பெரிய பெரிய அடி வைத்து வந்து, பலகையின் இரண்டு கால்களிலும் கொதிநீரை மெல்ல ஊற்றினார்.

“இது என் பலகை,” என்றார். “உங்க புல்தரையில இதுக்கு வேலை இல்ல.”

அப்போது வெர்னாவின் சட்டைப்பையில் கைப்பேசி அலறியது. கையுறையோடு தடவி எடுப்பதற்குள் சத்தம் வெளியே கேட்கும் பொத்தானை அழுத்திவிட்டாள்.

“அம்மா! வந்துடுச்சு! ஒரே ஒரு ஓட்டுல! நான் அவர்கிட்ட சொல்லிட்டேன், நோவா ஸ்கோஷியா கிடையாதுன்னு...” டாரா அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. “அம்மா? இருக்கியா?”

“இருக்கேன். அப்புறம் கூப்பிடறேன்.”

கெண்டியிலிருந்து கடைசித் துளிகள் பனியில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தன. வெர்னா நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். ஜெயித்தவள் மாதிரி இருக்கக்கூடாது என்று நினைத்தாள். தோற்றவள் மாதிரியும் இருக்க முடியவில்லை.

“எவ்வளவு உயரம்?” என்றார் லாயிட்.

“மூணு மாடி.”

“ரெண்டு.”

“ரெண்டுன்னா டாராவுக்கு இடமில்ல.”

“அப்ப நமக்குள்ள பேச ஒண்ணுமில்ல.” கெண்டியைத் தூக்கினார்.

“நில்லுங்க. தெருப் பக்கமும் தெற்குப் பக்கமும் மூணு. உங்க பக்கம் ரெண்டு. கூரையை உங்க பக்கமா நல்லா சாய்ச்சு இறக்கச் சொல்றேன். ஐரிஸோட நாற்காலியில உட்கார்ந்து பார்த்து, வெயில் எங்க வருதோ அதுக்குக் கீழ கூரை.”

“கட்டறவன் ஒத்துக்குவானா?”

“அழுவான்.”

“ஒத்துக்கலேன்னா?”

வெர்னா மனசுக்குள் கணக்குப் போட்டாள். மேல்வீடு ஒன்றில் ஓர் அறை போகும். ஹர்ஜித் விற்கும் வீடாக இருந்தால் அவன் கையை உதறுவான்; டாராவின் வீடாக இருந்தால் பேத்திக்கு அறை இல்லை. “வேற ஆளைப் பார்ப்பேன். அந்த ஜன்னலை மறைச்சு நான் கட்டமாட்டேன், லாயிட். நேத்தே சொல்லியிருக்கணும். கோடையிலேயே சொல்லியிருக்கணும்.”

“எழுதித் தருவீங்களா?”

“தரேன்.”

“நான் கமிட்டியை விட்டு வரமாட்டேன். வழக்குப் போட்டா கையெழுத்துப் போடுவேன்.”

“போடுங்க.”

“நாலு குடும்பம். நாலு வாசல். நடைபாதையில பனியை யார் தள்ளுவாங்க? நீயா? இந்த முட்டியை வச்சுக்கிட்டா?”

‘நீ’ என்று அவரையறியாமல் வந்துவிட்டது. அவரும் அதைக் கவனித்த மாதிரி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். வெர்னா மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டாள்.

“மருமகன் தள்ளுவான்.”

“அவன் கடற்கரைக்காரன். பனியைக் கண்டா படம் பிடிப்பான்.” லாயிட் பலகையின் தலையைப் பிடித்து இழுத்தார். சக்கென்று ஒரு சத்தத்தோடு அது கையோடு வந்தது. அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

“கூரை விஷயம் சரிதானே?” என்று கேட்டாள் வெர்னா.

“பார்க்கலாம்.”

பேரம் பேசும் சத்தத்தில் நடை பழகியவளுக்கு, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று முதல் முறையாகத் தெரியவில்லை. அவர் முகத்திலும் எழுதியிருக்கவில்லை. மண்வாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் பலகையைத் தன் வாசலில் சாத்தினார். கெண்டியைப் படியில் வைத்தார். இயந்திரத்தின் அருகே போய் நின்றார். விசைக் கயிற்றை இழுத்தார். பற்றவில்லை. மறுபடி இழுத்தார்; உறுமியது.

“தள்ளி நில்லு வெர்னா. கால்ல அடிக்கும்.”

இயந்திரம் எல்லையைத் தாண்டியது. அவள் வாசல் நெடுக, கடைசி வரை, பனியை வாரி வீசிக்கொண்டே போனது. வழக்கமாகக் கடைசியில் திரும்பி இரண்டாவது வீச்சு வருவார். இன்று வரவில்லை. விசையை அணைத்து, இயந்திரத்தை நடுத்தெரு வழியாக உருட்டிக்கொண்டு, அவளைப் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்.

ஒரே ஒரு வீச்சு அகலம். ஒரு ஆள் நடக்கலாம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பனியில் இறங்க வேண்டும். வெர்னா அந்தப் பாதையில் இறங்கி நின்று பார்த்தாள். பாதி விலை. ஆனால் கடையை மூடவில்லை.

எதிர் ஜன்னலில் ஐரிஸ் இருந்தாள். மடியில் வெயில் விழுந்திருந்தது. வெர்னாவின் கையில் காப்பிக் கோப்பை இல்லாததால் மண்வாரியைத் தூக்கிக் காட்டினாள். ஐரிஸ் கொஞ்சம் யோசித்தாள். பிறகு நல்ல கையைத் தூக்கினாள்.

வெர்னா கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டு ஹர்ஜித்தின் எண்ணை அழுத்தினாள்.

“ஆன்ட்டி! கேள்விப்பட்டேன்! வாழ்த்துகள்! இனிப்பு வாங்கிட்டு வரேன், பைரோகியைப் போடுங்க!”

“போடறேன். இப்ப உட்கார்ந்திருக்கீங்களா, நின்னுட்டிருக்கீங்களா?”

“ஏன் ஆன்ட்டி?”

“உட்காருங்க. கூரையைப் பத்திக் கொஞ்சம் பேசணும்.”